நாற்பது கோட்டுக்காரர்கள்

தட்டு இருபதுதான் இருக்கிறது. இருபத்தொன்று இருக்க வேண்டும், ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும் என்று அம்மா மண்டபம் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறாள், அது கிடைக்கும்வரை நிச்சயதார்த்தம் தொடங்காது, கிடைக்காமலே போகட்டும் என்று மேடை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு அண்ணன் வேண்டக்கூடியதா இது. சட்டைப் பையில் லக்கினப் பத்திரிகை நான்காக மடிந்து இருக்கிறது, நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள் வேர்வையில் ஊறிச் சட்டையில் இறங்கிவிட்டது, நெஞ்சுக்கு நேராக ஒரு கறை. வெள்ளைச் சட்டை, புதுச் சட்டை, தங்கை பாப்பா எடுத்துக் கொடுத்தது. தட்டு வந்ததும் மைக்கை என் கையில் கொடுப்பார்கள். நான் எழுந்து, தாளைப் பிரித்து, இன்னாரின் பேத்தி, இன்னாரின் மகள், இன்னாளை, இன்னாரின் மகன் இன்னாருக்கு என்று வாசிக்க வேண்டும். மூன்று நிமிஷம். ஊரில் எழுத்துக் கூட்டத் தெரிந்த யாரும் வாசித்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் இதற்கு ஐயர் வைப்பதில்லை, பெண்ணின் அப்பா வாசிப்பார், அப்பா இல்லை என்றால் அண்ணன். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. அண்ணன் நான்தான், எனக்குத் திக்குவாய்.

முன்னால் இருநூறு நாற்காலி, சிவப்பு பிளாஸ்டிக், அதில் முக்கால்வாசி நிரம்பிவிட்டது, மின்விசிறிகள் தலைக்கு மேலே கடகடக்கின்றன, மூன்றாவது விசிறியில் பேரிங் போயிருக்கிறது, சத்தத்திலேயே தெரிகிறது, இன்னும் பத்து நாள் தாங்காது. மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன் நான், எரிந்துபோன மோட்டாரை எவன் கொண்டுவந்தாலும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் சரிசெய்து கொடுத்துவிடுவேன், என் தொழிலில் உள்ள சௌகரியமே அதுதான், மோட்டார் பேர் கேட்காது. அந்த விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தால் தொண்டையில் கட்டிக்கொண்டிருப்பது கொஞ்சம் இளகும் போல இருக்கிறது, இளகுகிறது, இதோ சித்தப்பா வருகிறார், மறுபடி கட்டிக்கொண்டது. பால்பாண்டிச் சித்தப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை, ரகசியம் பேசினாலும் பின் சீட்டுக்குக் கேட்கும். என் பக்கத்தில் குனிந்து, “வேலு, மூணு நிமிச வேல. நான் கடகடன்னு வாசிச்சிருதேன். நீ தட்ட மட்டும் எடுத்துக் குடு. மாப்பிள்ள வீட்டுக்காரங்க முன்னாடி எதுக்குல இந்த வம்பு?” என்றார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. “ஒனக்காகச் சொல்லல. பிள்ளைக்காகச் சொல்லுதேன்.” அங்கேதான் அடித்தார். அன்பில்லாதவர் சொன்னால் தள்ளிவிடலாம், சித்தப்பா அப்படிப்பட்டவர் இல்லை, என்னால் ‘கடையநல்லூர்’ என்று சொல்ல முடியாது என்று தெரிந்து, அவர் பஸ்ஸில் நான் ஏறினால் கேட்காமலே டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணிப்பார், மற்ற பஸ்ஸில் ஏறினால் நான் ‘தென்காசி’ என்று சொல்லித் தென்காசிக்கே டிக்கெட் வாங்கிக் கடையநல்லூரில் இறங்கிக்கொள்வேன். எனக்குக் ‘க’ வராது. வராது என்றால் மற்றவர்களுக்குப் புரிவதில்லை, சொல் நாக்கில் இருக்கிறது, அர்த்தம் தலையில் இருக்கிறது, நடுவில் தொண்டையில் யாரோ கதவைச் சாத்திவிட்டு அந்தப் பக்கம் நின்றுகொள்கிறார்கள்.

சுற்றுவழி கண்டுபிடிப்பதில் என்னைப் போல் கெட்டிக்காரன் இந்த ஜில்லாவில் கிடையாது. கத்தரிக்காய் என்று சொல்ல மாட்டேன், ‘அந்த வயலட்டு’ என்பேன். கதவு என்று சொல்ல மாட்டேன், ‘அதைச் சாத்து’ என்பேன். காபி என்று கேட்க முடியாமல் இருபது வருஷமாக டீ குடித்தவன் நான், பக்கத்தில் ஒருவன் நுரை தள்ளக் காபியை ஆற்றிக் குடிப்பதைப் பார்த்து ஏங்கிக்கொண்டே டீ குடித்தவன். எல்லாச் சொல்லுக்கும் ஒரு பக்கத்து வீட்டுச் சொல் உண்டு, அங்கே போய் ஒதுங்கிக்கொள்ளலாம். பேருக்குத்தான் அது கிடையாது. பேருக்குப் பதில் இன்னொரு பேர் சொல்ல முடியாது. என் பேர் கந்தவேல், யாராவது கேட்டால் டிரைவிங் லைசென்ஸை எடுத்து நீட்டிவிடுவேன். இப்போது என் சட்டைப் பையில் இருக்கிற தாளில் பேரைத் தவிர வேறு என்ன இருக்கிறது, முழுக்கப் பேர்தான், அதிலும் எங்கள் தாத்தா கோமதிநாயகம், அவர் நினைவாக என் தங்கைக்கு வைத்த பேர் கோமதி. வேண்டுமென்றே என்னைக் கேட்டு வைத்தது போல. அதனால்தான் அவள் எனக்குப் பாப்பா. பிறந்த அன்றிலிருந்து பாப்பா, இருபத்தாறு வயதாகி ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலைக்குப் போன பிறகும் பாப்பா. பாசத்தில் அப்படிக் கூப்பிடுகிறேன் என்று ஊர் நினைக்கிறது. நினைக்கட்டும், பாசமும் இல்லாமலா.

அவளுக்குத் தெரியும். ஏழு வயதில் தெரிந்துகொண்டாள். கண்ணாமூச்சி விளையாட்டில் மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “எல்லாரும் என் பேரச் சொல்லிக் கூப்பிடுதாங்க, நீ மட்டும் ஏன் கூப்பிட மாட்டேங்க? பேரச் சொல்லு, அப்பத்தான் வெளிய வருவேன்” என்று கத்தினாள். பதின்மூன்று வயசு எனக்கு. அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியும், பாவாடை நுனி தெரிகிறது, இரண்டு எட்டு வைத்து இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம், ஆனால் அன்றைக்கு எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்துகொண்டு நின்றேன். காலடியில் மொட்டைமாடி சுட்டது, பிறகு சுடவில்லை, வெயில் போய்விட்டது, வாய் திறந்தபடியே இருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. கடைசியில் அவளே எழுந்து வந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், ஓவென்று அழுதாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. 

தட்டு இன்னும் கிடைக்கவில்லை போல. அம்மா மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் போய்த் தேடுகிறாள். மாப்பிள்ளை செந்தூரன் முதல் வரிசையில் கைகளை மடியில் வைத்துப் பரீட்சைக்கு வந்தவர் போல உட்கார்ந்திருக்கிறார், நல்ல பிள்ளை, அவருக்குத் தெரியும், பாப்பா போனிலேயே சொல்லிவிட்டாளாம். அவர் அம்மாவுக்கு, மூன்றாவது வரிசையில் அரக்குப் பட்டு கட்டிக் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருக்கிற அந்த அம்மாளுக்கு, தெரியுமா என்பதுதான் தெரியவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ராஜபாளையத்திலிருந்து பாப்பாவைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தெரியாது. பஜ்ஜி சாப்பிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள், எல்லாம் கூடி வந்துவிட்டது, போகிற நேரத்தில் பையனின் அப்பா என் தோளில் கை போட்டு, “தம்பி பேரே சொல்லலியே” என்றார். அவ்வளவுதான் கேட்டார். நான் வாயைத் திறந்தேன், கதவு சாத்திக்கொண்டது, கழுத்து ஒரு பக்கம் இழுத்தது, கண் மேலே போனது, அவர் கையை என் தோளிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டதை இப்போதும் தோள் வைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து அம்மாவிடம், “அண்ணனுக்கு இருக்கு, நாளைக்குப் பொண்ணோட பிள்ளைகளுக்கும் வருமோன்னு யோசிக்காங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். பாப்பா அடுக்களையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள், கழுவின டம்ளரையே மறுபடி கழுவினாள். என் வாய் என் தங்கையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டது என்று அன்றைக்குத் தீர்மானம் செய்துகொண்டேன். இன்றைக்கு அது நிஜமாகலாம், இன்னும் பத்து நிமிஷத்தில், மைக்கில்.

அதனால்தான் இந்தச் சம்பந்தம் கூடினதும் சித்தப்பாவையே வாசிக்கச் சொல்லலாம் என்று நானே எழுதிக் காட்டினேன். பாப்பா தாளை வாங்கிப் படித்துவிட்டுக் கிழித்தாள். எல்லார் முன்னாலும், “அண்ணன் வாசிச்சாத்தான் நிச்சயம். இல்லன்னா எல்லாரும் கேசரியத் தின்னுட்டு வீட்டுக்குப் போங்க” என்றாள். தனியாக என்னிடம், “ஒளிச்சு வச்சுக் கட்டிக் குடுத்தா, நான் ஆயுசு பூரா ஒன்ன ஒளிச்சு வைக்கணும்ணே. என்னால ஆவாது” என்றாள். அவள்தான் லேபில் விசாரித்து, திருநெல்வேலியில் ஜெசிந்தா மேடம் என்று பேச்சுப் பயிற்சி தருகிற ஒருவர் இருக்கிறார் என்று கண்டுபிடித்து, சனிக்கிழமை சனிக்கிழமையாக என்னைப் பஸ் ஏற்றி அனுப்பினாள். போகும்போது எனக்கு நம்பிக்கை இல்லை. சின்ன வயதில் வசம்பு தேய்த்தாயிற்று, கூழாங்கல்லை வாயில் போட்டாயிற்று, சங்கரன்கோவிலில் மணி வாங்கிக் கட்டியாயிற்று. மேடம் இது எதையும் கேட்கவில்லை. மாடியில் ஒரு சின்ன அறை, ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், பிறகு நீச்சல் பழகுகிறவர்கள் போட்டுக்கொள்கிற கண்ணாடியைப் பத்து மடங்கு பெரிதாக்கினது போல ஒரு கறுப்புப் பெட்டி, வி.ஆர். கண்ணாடியாம். ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருந்தார், இருந்தும் எனக்கு முன்னால் மாட்டினவருடைய தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது. அந்த வாசம் எனக்குத் தைரியமாக இருந்தது. எனக்கு முன்னாலும் ஒருவன் இதற்குள் போய் வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறான்.

மாட்டினதும் அறை போய்விட்டது. நான் ஒரு கல்யாண மண்டபத்து மேடையில் நிற்கிறேன். மேடத்துக்குத் தெரிந்த யாரோ வரைந்து கொடுத்தார்களாம், தூண், வாழைமரம், தோரணம், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி வரை அப்படியே இருந்தது, ஆனால் ஆட்கள் வெளிநாட்டுச் சரக்கு, அவர்களை மாற்ற முடியவில்லை, ஆகவே நாற்பது பேரும் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வாழைமரத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆவணி முகூர்த்தத்தில் நாற்பது கோட்டுக்காரர்கள், வேர்க்காதா இவர்களுக்கு. சிரித்துக்கொண்டே குனிந்து என்னைப் பார்த்தால் என் கைகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சாம்பல் நிறக் கையுறைகள், உள்ளே கை இல்லை. அப்போதுதான் அவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், எண்பது கண், சிரிப்பு நின்றுவிட்டது, தொண்டை கட்டிக்கொண்டது. அதுதான் என்னை அசத்தியது. பொய் என்று தெரியும், மாடி அறையில் நிற்கிறேன் என்று தெரியும், கீழே பஸ் ஹாரன் கேட்கிறது, இருந்தும் தொண்டைக்குத் தெரியவில்லை. நிஜ மண்டபத்தில் அடைக்கிற அதே இடத்தில் அடைத்தது. என் பயத்தை ஒரு பெட்டிக்குள் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள், வேண்டும்போது மாட்டலாம், வேண்டாத போது கழற்றலாம் என்று. முப்பத்திரண்டு வருஷமாக அது என்னை வைத்திருந்தது, முதல்முறையாக நான் அதைக் கையில் வைத்திருக்கிறேன். இதைக் கண்டுபிடித்தவன் யாரென்று எனக்குத் தெரியாது, எதற்காகக் கண்டுபிடித்தானோ, விளையாட்டுக்கென்று சொல்கிறார்கள், எதற்கானால் என்ன, அவன் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

மூன்றாவது வரிசையில் பிரவுன் கோட்டு போட்ட ஒருவர் இருந்தார். பதினொரு வினாடிக்கு ஒருமுறை தலையை ஆட்டுவார், ஆமாம், சொல்லு, கேட்கிறேன் என்பது போல. நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன், பதினொன்று தப்பாது. உயிர் இல்லை, பேர் இல்லை, எழுந்து நின்றால் இடுப்புக்குக் கீழே என்ன இருக்கிறதோ தெரியாது, ஆனால் என் ஆயுளில் என் பேச்சை அவ்வளவு பொறுமையாகக் கேட்டவர் வேறு யாரும் இல்லை. மனிதர்கள் உதவிசெய்வார்கள். நான் ‘க’ என்று திணறும்போது, கதவா, கடையா, கணக்கா என்று எடுத்துக்கொடுப்பார்கள், அது பிச்சைத் தட்டில் போடுகிற மாதிரி விழும், வாங்கிக்கொண்டு தலையாட்டுவேன், நான் சொல்ல வந்தது அது இல்லை என்றாலும் தலையாட்டுவேன். கோட்டுக்காரர்கள் எடுத்துக்கொடுக்கவில்லை. காத்திருந்தார்கள். ஒருமுறை கோமதிநாயகத்தில் நாற்பது வினாடி நின்றேன், பிரவுன் கோட்டு மூன்றுமுறை தலையாட்டியது, பிறகு பேர் தானாக வெளியே விழுந்தது. மேடம் பக்கத்திலிருந்து, “நின்னா நிக்கட்டும். கண்ணை மட்டும் கீழ போடாதீங்க. திக்கறது தப்பில்ல, ஒளியறதுதான் உங்களுக்கு நோவு” என்றார். அதைத்தானே பாப்பாவும் சொன்னாள், வேறு வார்த்தையில்.

பிறகு அந்த உலகம் இந்த உலகத்துக்குள் கசிய ஆரம்பித்தது. அந்தப் பொய் மேடையில் ஒரு மேசை இருக்கும், கண்ணாடிக்குள் தெரிகிற பேப்பரை வாசித்துவிட்டு அதில்தான் வைப்பது, ஐந்தாவது வாரம் என் கடையில் வேலை நினைவில் ஸ்குரூடிரைவரை அந்த மேசையில் வைத்தேன், இல்லாத மேசை, கால் கட்டைவிரல் மேல் விழுந்து நகம் கறுத்துவிட்டது. அது போகட்டும். அதே வாரம் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன், மாஸ்டர் என்னைப் பார்த்ததும் டீக்குக் கிளாஸை எடுத்தார், எனக்குள் யாரோ, நில்லு, பதினொரு வினாடிதானே என்றார்கள். நான் அவர் கண்ணைப் பார்த்து, “கா, கா, கா” என்றேன், பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பினார்கள், திரும்பட்டும், “காபி” என்றேன். மாஸ்டர் என்னையே பார்த்தார், எடுத்த கிளாஸை வைத்துவிட்டு வேறு கிளாஸை எடுத்தார். முப்பத்திரண்டு வயதில் என் வாயால் கேட்டு வாங்கின முதல் காபி. குடித்தால் கசப்பு, வெறும் சிக்கரித் தண்ணீர், இதற்கா இருபது வருஷம் ஏங்கினேன். மறுநாளிலிருந்து பழையபடி டீதான், ஆனால் இது நான் கேட்டுக் குடிக்கிற டீ. வீட்டுக்கு வந்து பாப்பாவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

ஆனாலும் உள்ளே ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. ஒன்பதாவது வாரம் மேடத்திடம், இவர்களைச் சிரிக்கவைக்க முடியுமா என்று கேட்டேன். முடியும், கம்ப்யூட்டரில் இருக்கிறது, இதுவரை நானாகத் தொடவில்லை என்றார். வைங்க என்றேன். பிரவுன் கோட்டையும் சேர்த்தா என்றார், சேர்த்துத்தான் என்றேன். நாற்பது பேரும் சிரித்தார்கள். நாற்பது பேருக்கும் ஒரே சிரிப்பு, ஒரே நீளம், ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக நின்று மறுபடி தொடங்கியது. பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், ராஜபாளையத்துக்காரர் போன பிறகு என் தலைக்குள்ளே, எப்போதும் கேட்டுக்கொண்டிருந்த சிரிப்பு அதுதான். நான் ஓடிப்போவேன் என்று நினைத்தேன். கால் நகரவில்லை, வாய் நகர்ந்தது, திக்கித் திக்கிக் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டேன், உள்ளே கண்ணாடி முழுக்க ஆவி படிந்து கோட்டுக்காரர்கள் மங்கிப்போனார்கள், கழற்றினபோது கன்னமெல்லாம் ஈரம். மேடம் பெட்டியை வாங்கி ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். அடுத்து வருகிறவனுக்கு என் எண்ணெய் வாசமும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

“தட்டு கெடச்சிட்டு!” அம்மாவின் குரல். சமையல்காரர் அதைக்கொண்டு கேசரிச் சட்டியை மூடிவைத்திருந்தாராம்.  பொய் மண்டபத்தில் எத்தனை முறை வாசித்தால் என்ன, அவர்கள் எழுந்து வெளியே போய் யாரிடமும் பேசப்போவதில்லை, இவர்கள் பேசுவார்கள், புளியங்குடியிலிருந்து தென்காசி வரைக்கும் பேசுவார்கள், சட்டியில் நீந்தப் பழகிவிட்டுக் குளத்தில் குதிக்கிறேனா, அப்படித்தான் போலிருக்கிறது, சித்தப்பாவிடம் தாளைக் கொடுத்துவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது, அவர் கை நீட்டினபடிதான் நிற்கிறார். பாப்பா என் காலடியில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து சேலைக் கரையை நீவிக்கொண்டிருக்கிறாள். தலை நிமிரவில்லை. என் வாயைப் பார்த்தால் எனக்குக் கஷ்டமாகும் என்று நிமிராமல் இருக்கிறாள், அந்தக் கண்ணாமூச்சி நாளிலிருந்து அவள் அப்படித்தான், நான் திணறும்போதெல்லாம் வேறு எங்கோ பார்த்துக்கொள்வாள். மைக் வந்துவிட்டது. கனமாக இருக்கிறது. எழுந்தேன்.

முதலில் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். வேண்டுமென்று இல்லை, கண் பழக்கத்தில் போய்விட்டது. பிரவுன் கோட்டு இருக்க வேண்டிய இடத்தில் அரக்குப் பட்டு, கைப்பை, மாப்பிள்ளையின் அம்மா. தலையாட்டவில்லை. “நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் தை மாதம்” என்று கல்யாணத் தேதியில் தொடங்கினேன், தை கொஞ்சம் இழுத்தது, “இருபத்தெட்டாம் நாள் புதன்கிழமை”, குழந்தை ஒன்று வீறிட்டது, யாரோ நாற்காலியை இழுத்தார்கள், ஒருவர் போனில் உரக்கப் பேசிக்கொண்டே வெளியே போனார், கோட்டுக்காரர்கள் இவ்வளவு மோசம் இல்லை, ஒழுங்காக உட்கார்ந்திருப்பார்கள், “புளியங்குடியில் இருக்கும்”, அடுத்து தாத்தா, வருகிறார், வருகிறார், “கோமதிநாயகம் அவர்கள் பேத்தியும்”, வழுக்கிக்கொண்டு போய்விட்டார். திக்கவே இல்லை. எனக்கே நம்பமுடியவில்லை, அட, அவ்வளவுதானா, போய்விட்டதா, விட்டுப்போய்விட்டதா என்று நெஞ்சு பொங்கியது, அந்தப் பொங்கலிலேயே “ஆறுமுகம் இசக்கியம்மாள் இவர்களின் புதல்வியுமான திருவளர்ச்செல்வி” என்று ஓடிவந்து அடுத்த சொல்லில் மோதி நின்றேன்.

கதவு சாத்திக்கொண்டது. காற்று இல்லை. கழுத்து இடப்பக்கம் இழுக்கிறது, தெரிகிறது, மைக்கில் சின்னதாக ஒரு தொண்டைச் சத்தம் மட்டும் போய் ஸ்பீக்கரில் பெரிதாக வருகிறது. இவ்வளவு நேரம் வீறிட்ட குழந்தைகூட அடங்கிவிட்டது, சித்தப்பா ஒரு எட்டு முன்னால் வைத்துவிட்டார், அவர் வாய் ‘கோ’ என்று குவிகிறது, எடுத்துக்கொடுக்கப் போகிறார், வேண்டாம் சித்தப்பா. என் இடது கை தானாக எழுந்து நெற்றிக்குப் போனது. பெட்டியைக் கழற்றப் போனது. கழற்றினால் மாடி அறை வரும், மேடம் தண்ணீர் தருவார், கீழே பஸ் ஹாரன் கேட்கும். விரல்கள் நெற்றியில் தேடின, இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ஒன்றும் இல்லை, திருநீறுதான் கையோடு வந்தது. கழற்றுவதற்கு எதுவும் இல்லை. இது கடைசி மண்டபம், இதற்கு வெளியே அறை கிடையாது. அது புரிந்த நேரத்தில் எனக்கு வர வேண்டிய பயம் வரவில்லை, அதற்குப் பதிலாகப் பதினொன்று என்ற எண் வந்தது. எண்ணத் தொடங்கினேன். கண்ணைக் கீழே போடவில்லை. மூன்றாவது வரிசை அம்மாள் என்னைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன், ஏழு, எட்டு, பாரும்மா, இதுதான் நான், உன் மருமகளுக்கு அண்ணன், இப்படித்தான் இருப்பேன், உன் வீட்டுக்குச் சீர் கொண்டு வரும்போதும் இப்படித்தான் வாசலில் நின்று திக்குவேன், பத்து, பதினொன்று, அவள் தலையாட்டவில்லை, கைப்பையைப் பிடித்திருந்த பிடியைத் தளர்த்திப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள், பஸ்ஸில் இடம் கிடைத்துச் சாவகாசமாக உட்காருகிறவர்கள் வைப்பார்களே அப்படி. இருந்து கேட்கத்தான் போகிறாள். மொட்டைமாடியும் வெயிலும் பாவாடை நுனியும் ஒரே சமயத்தில் வந்து நின்றன, “கோ” என்றேன், ஸ்பீக்கரில் கோ என்று கேட்டது, “கோ, கோ”, இன்னும் ஒன்று, “கோமதி” என்றேன்.

“என்னண்ணே?” என்றாள் பாப்பா.

பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் கேட்பது போலத்தான் கேட்டாள். சேலைக் கரையை நீவிக்கொண்டிருந்தவள், எங்கே இருக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், சடாரென்று நிமிர்ந்து கேட்டுவிட்டாள், மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. மண்டபம் சிரித்தது. நூற்றைம்பது பேரும் சிரித்தார்கள், செந்தூரன் குனிந்துகொண்டு சிரித்தார், சித்தப்பா கண்டக்டர் குரலில் சிரித்தார், அரக்குப் பட்டு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள், ஒருவர் சிரிப்பு மற்றவர் சிரிப்பு மாதிரி இல்லை, ஒருவர் நிறுத்தின இடத்தில் இன்னொருவர் தொடங்கினார், இந்தச் சிரிப்பை எந்தக் கம்ப்யூட்டரிலும் நான் கேட்டதில்லை. பாப்பா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் குனியவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் நிரம்பி மை கலைகிறது, பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு தொட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டாள். அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும், அதுதானே முறை. “ஒண்ணுமில்ல கோமதி, சும்மாதான் கூப்புட்டேன்” என்றேன். அது திக்காமல் வந்தது. பிறகு விட்ட இடத்தை விரலால் தேடிப் பிடித்து, மிச்சத்தையும் திக்கித் திக்கி வாசித்து முடித்தேன்.